மெழுகா, சீலண்டா, செராமிக்கா? அதற்கு முன்னால் துணியைப் பாருங்கள்

புதுக் கார் வாங்கியவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கோட்டிங் போடலாம் என்பதைத்தான். சென்னையில் கார் வைத்திருப்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது வேறு: தினமும் காலையில் உங்கள் காரின்மீது எந்தத் துணி படுகிறது? மெழுகோ செராமிக்கோ எதைப் பூசினாலும், அதன்மேல் மண் ஒட்டிய துணி ஆறு மாதம் தேய்ந்தால் பளபளப்பு போய்விடும். ஆகவே கழுவும் முறைகளை முதலில் ஒப்பிட்டுவிட்டு, பூச்சுகளுக்குப் பிறகு வருகிறேன்.

காரின் தகட்டின்மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆலையில் அடித்த கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் தடிமன்தான். சாதாரணத் தலைமுடி ஒன்று அதைவிடத் தடிமனாக இருக்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள்கள் கலந்திருப்பதும் அந்த அடுக்கில்தான். நாம் காப்பாற்ற வேண்டியது இதைத்தான்.

தூசி தட்டுவதா, கழுவுவதா?

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாதக் கூலிக்கு வண்டி துடைத்துத் தரும் ஏற்பாடு உண்டு. ஒரு வாளித் தண்ணீரில் நனைத்த அதே துணி வரிசையாகப் பல கார்களின்மீது போய்வருகிறது. தெருத் தூசியில் மணல் இருக்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை, வைரத்துக்குப் பத்து தரும் மோஸ் அளவில் 7. கிளியர் கோட்டோ ஒருவகைப் பிளாஸ்டிக். இரண்டையும் சேர்த்துத் தேய்த்தால் எது கீறும் என்பதில் சந்தேகமே இல்லை. கறுப்பு அல்லது கருநீலக் காரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள், சூரியனின் பிரதிபலிப்பைச் சுற்றி வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். அவை பெரும்பாலும் துடைத்ததால் வந்தவை.

துடைப்பவர்மீது குற்றமில்லை. நாம் கொடுக்கும் கூலிக்கும் நேரத்துக்கும் அவரால் அவ்வளவுதான் செய்ய முடியும். கூலியைக் குறைக்காமல், "அண்ணே, கண்ணாடிகளை மட்டும் துடையுங்கள், மற்றதை ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, அதற்கென்று இரண்டு நல்ல துணிகளையும் கொடுத்துவிடுங்கள். தூசி படிந்த கார் அசிங்கமாகத் தெரியலாம். ஆனால் உட்கார்ந்திருக்கும் தூசி கீறாது, இழுக்கப்படும் தூசிதான் கீறும். சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி, மெழுகுத் தூசித் துடைப்பான், பனியன் வேஸ்ட் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

வாளிக்கு வருவோம். ஒரு வாளியில் கழுவினால், காரிலிருந்து எடுத்த மண் அதே ஷாம்பு நீரில் கலந்து மறுபடியும் காருக்கே வரும். இரண்டு வாளி முறையில் ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் வெறும் நீர். ஒரு பகுதியைத் தேய்த்ததும் கையுறையை வெறும் நீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். வாளியின் அடியில் துளைகள் உள்ள ஒரு தட்டைப் போட்டால் மண் கீழே தங்கிவிடும். கூரையில் தொடங்கி, கண்ணாடி, பானட், கதவின் மேல்பாதி என்று இறங்கி, சக்கரத்தை ஒட்டிய அடிப்பகுதியைக் கடைசியில் தொட வேண்டும். செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம். வீட்டு வாசலில் தண்ணீர் வசதி உள்ளவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

பிரஷர் வாஷர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. கை படுவதற்கு முன்பே மண்ணைத் தள்ளிவிடுவதுதான் அதன் உண்மையான பயன். நுரைத் துப்பாக்கியால் நுரை அடித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு நீரடித்தால் பாதி அழுக்கு தொடாமலேயே போய்விடும். முனையை ஓர் அடிக்கும் குறையாத தூரத்தில் பிடியுங்கள். பட்டறையில் மறுபெயின்ட் அடித்த பகுதிகளின் ஓரங்களில் அழுத்தம் நேராகப் பட்டால் பெயின்ட் பெயர்ந்துவரும்.

சென்னைக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குழாய் போட்டுக் கார் கழுவ அனுமதிக்காத குடியிருப்புகளும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் வாஷ் பெரிய வரம். ஆப்டிமம் நோ ரின்ஸ் போன்ற திரவங்களை 256 பங்கு நீருக்கு ஒரு பங்கு, அதாவது பத்து லிட்டர் வாளிக்குச் சுமார் 40 மில்லி என்று கலந்தால் போதும். அதிலுள்ள பாலிமர்கள் தூசியைச் சூழ்ந்துகொண்டு வழுக்கலைத் தருகின்றன. ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணிகளை அந்த நீரில் ஊறவைத்து, ஒரு பகுதிக்கு ஒரு பக்கம் என்று மடித்துத் துடைத்து, அழுக்கான துணியை மறுபடியும் வாளியில் போடாமல் ஓரம் வைத்துவிட வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் முழுக் காரும் முடிந்துவிடும். மழைக்காலத்தில் சேறு அப்பியிருக்கும்போது மட்டும் இதை நம்பாதீர்கள். முதலில் நீரடித்துச் சேற்றைக் கரைத்தாக வேண்டும்.

சோப்பும் தண்ணீரும்

பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தடவை பட்டால் பெயின்ட் அழிந்துவிடாது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்யப்பட்ட அது, பூசியிருக்கும் மெழுகையும் சேர்த்து எடுக்கும். பழைய மெழுகை நீக்கிவிட்டுப் புதிதாகப் பூசும் நாளில் வேண்டுமானால் பயன்படுத்தலாம். துணி துவைக்கும் தூள் காரத்தன்மை மிகுந்தது, கரையாத துகளும் தங்கும், வேண்டவே வேண்டாம். கார் ஷாம்பு நடுநிலை பிஎச் கொண்டது. ஒரு கழுவலுக்கு ஆகும் செலவு ஒரு தேநீர் விலையைத் தாண்டாது. இதில் மிச்சம் பிடிக்க எதுவுமில்லை.

தண்ணீர்தான் பெரிய சிக்கல். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். மாற்று வழி இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. நம் ஆழ்துளைக் கிணற்று நீர் பல பகுதிகளில் முதல் எல்லையை எளிதாகத் தாண்டுகிறது. அந்த நீர் வெயிலில் காய்ந்தால் கால்சியம் வெள்ளை வட்டங்களாகப் படிந்துவிடும். மெட்ரோ குடிநீரும் ஆழ்துளை நீரும் தனித்தனியாக வரும் வீடுகளில் கடைசி அலசலுக்கு மட்டுமாவது மெட்ரோ நீரை எடுங்கள். சூரியன் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். உலர்த்துவதற்குப் பழைய துண்டைவிடத் தடித்த மைக்ரோஃபைபர் துண்டு எவ்வளவோ மேல்: தேய்க்காமல் விரித்துப் போட்டு ஒற்றி எடுத்தாலே போதும். அந்தத் துணிகளைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கி சேர்க்க வேண்டாம், இழைகள் நீரை உறிஞ்சாமல் போய்விடும்.

படிந்துவிட்ட புது வட்டங்களின்மீது, சம அளவு நீர் கலந்த வெள்ளை வினிகரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்து எடுத்து, உடனே அலசிவிடலாம். பழைய வட்டங்கள் கிளியர் கோட்டையே அரித்திருந்தால் பாலிஷ் செய்யாமல் போகாது.

பூச்சுகள்

கார்னாபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் இலையிலிருந்து வருகிறது. தனி மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் டப்பாவில் இருப்பது கரைப்பான்களும் வேறு மெழுகுகளும் எண்ணெய்களும் சேர்ந்த கலவை. சித்திரை வெயிலில் கை வைக்க முடியாத பானட்டின்மீது அது சில வாரங்கள்தான் நிற்கும். ஆழமான, ஈரம் பூத்த பளபளப்பைத் தருவதில் கார்னாபாவை எதுவும் மிஞ்சியதாக எனக்குத் தோன்றவில்லை, அதுவும் அடர் சிவப்பில். ஞாயிறு காலையை இதில் செலவிடுவதில் மகிழ்ச்சி காண்பவர்கள் தாராளமாகப் பூசுங்கள். மற்றவர்களுக்கு இது வேலைதான்.

மெழுகுக்குப் பதிலாகச் செயற்கைப் பாலிமரால் ஆன பூச்சுதான் சீலண்ட். அது அதே உழைப்புக்கு அதிக நாள் தருகிறது. நிழலில், மெல்லியதாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் துடைத்தால் நம் வெயிலிலும் மூன்று நான்கு மாதம் நீர் வழுகி ஓடும். கடற்கரையை ஒட்டிய திருவான்மியூர், பெசன்ட் நகர் வாசிகளுக்கு உப்புக் காற்று தினசரி விஷயம். அங்கே பூச்சைவிட வாராந்திரக் கழுவலே முக்கியம், அதற்குத் துணையாக சீலண்ட்.

தெளித்துத் துடைக்கும் செராமிக் ஸ்பிரேதான் இன்று வீட்டில் செய்பவர்களுக்குச் சரியான தேர்வு என்பேன். கழுவி முடித்த காரில் தெளித்து, ஒரு துணியால் பரப்பி, மற்றொன்றால் துடைத்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்தால் போதும். லேபிளில் ஒரு வருடம் என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

உண்மையான செராமிக் கோட்டிங் வேறு ரகம். சிலிக்கான் அடிப்படையிலான வேதிப்பொருள் கிளியர் கோட்டோடு பிணைந்து இறுகுகிறது. ஷாம்புவால் போகாது, ஒழுங்காகப் போட்டால் வருடக் கணக்கில் நிற்கும், அழுக்கு ஒட்டாமல் கழுவுவதும் எளிதாகும். இவ்வளவும் உண்மை. ஆனால் விற்பவர்கள் சொல்லும் "9எச் கடினம், கீறல் விழாது" என்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அந்த 9எச் பென்சில் சோதனையின் அளவு: 9எச் பென்சிலால் அழுத்தினாலும் கீறவில்லை என்று மட்டுமே பொருள். மிகக் கடினமான பென்சில் முனைகூட மணலைவிட மென்மையானதுதான். பூச்சின் தடிமன் பொதுவாக ஒன்றிரண்டு மைக்ரான். லாரிச் சக்கரம் எறியும் ஜல்லிக்கு அது எந்த மூலைக்கு?

இன்னொன்றையும் கடைகளில் சொல்வதில்லை. செராமிக் மேற்பரப்பில் நீர் உருண்டு திரளும். ஆழ்துளை நீர் அப்படி உருண்டு நின்று வெயிலில் காய்ந்தால், உப்பு முழுவதும் சிறு வட்டத்தில் குவிந்து பிடிவாதமான கறையாகும். திறந்த வெளியில் கார் நிறுத்தி, கிணற்று நீரில் கழுவி, உலர்த்தாமல் விடுபவர்களுக்கு செராமிக் ஆதாயம் அல்ல, தொல்லை. மேலும், கோட்டிங்குக்கு முன் இயந்திரத்தால் பாலிஷ் போடுவார்கள். அது கிளியர் கோட்டில் சில மைக்ரானை எடுத்துவிடுகிறது. புதுக் காருக்கு லேசான பாலிஷ் போதும் என்று சொல்லி வாங்குங்கள்.

இதை வீட்டிலும் செய்யலாம், பொறுமை இருந்தால். கழுவி, இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தை அடித்து, கார்களுக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் வழுக்கும் திரவத்தோடு தேய்த்துச் சொரசொரப்பை எடுத்து, பாலிஷ் செய்து, ஆல்கஹால் கலவையால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும். சென்னையின் ஈரப்பதத்தில் பல பூச்சுகள் விரைவாக இறுகிவிடும். துடைக்கத் தாமதித்தால் திட்டுத்திட்டாக நின்றுபோகும், அதை எடுக்க மறுபடி பாலிஷ்தான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முயல வேண்டாம். தை, மாசியில் மூடிய கார் நிறுத்தத்தில், ஒரு நேரத்தில் இரண்டடிப் பரப்பு மட்டும் என்று போனால் நன்றாக வரும்.

ஷோரூமில் சாவி கொடுக்கும்போது தள்ளிவிடும் "டெஃப்லான் கோட்டிங்" பற்றி இரண்டே வரி. டெஃப்லான் எனப்படும் பொருள் உருகிப் படிய 327 டிகிரி வெப்பம் வேண்டும், உங்கள் கார் அதைத் தாங்காது. நடைமுறையில் அங்கே பூசப்படுவது ஒரு சாதாரண சீலண்ட், அதே பணத்துக்கு நீங்கள் சில வருடங்களுக்கான செராமிக் ஸ்பிரே வாங்கலாம்.

கல்லடியிலிருந்து காப்பது பிபிஎஃப் எனப்படும் படலம் ஒன்றுதான். நல்லது பாலியூரித்தேனால் ஆனது, 150 முதல் 200 மைக்ரான் தடிமன். மேல்படலத்தில் விழும் மெல்லிய கோடுகள் வெயில் சூட்டில் தானாக மறையும். மலிவான பிவிசி படலம் மஞ்சளாகிவிடும், ஆகவே பொருள் என்னவென்று எழுதி வாங்குங்கள். முழுக் காருக்கு ஒட்டுவது பெரும் செலவு. ஜிஎஸ்டி சாலையில் அடிக்கடி ஓடுபவர்கள் பம்பர், பானட்டின் முன்பகுதி, பக்கக் கண்ணாடி ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டினால் பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடும். கதவுக் கைப்பிடிக் குழிக்கும் கதவு விளிம்புக்கும் வெட்டிய துண்டுகளை நீங்களே ஒட்டலாம்.

மரமும் கவரும்

தெருவில் நிறுத்துபவர்களுக்கு நிழல் வேண்டும், நிழல் என்றால் மரம், மரம் என்றால் பறவை. எச்சம் பட்ட இடத்தில் பெயின்ட் வெயிலில் இளகி, பின் குளிரும்போது அந்தக் கட்டியைச் சுற்றி இறுகித் தழும்பாகிறது. எந்தப் பூச்சும் அதை முழுதாகத் தடுக்காது, நேரம் மட்டும் வாங்கித் தரும். பார்த்தவுடன் ஈரத் துணியைப் போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் தூக்கி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஆனி, ஆடியில் நாவல் மரத்தடியைத் தவிர்த்துவிடுங்கள்.

கவரைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. தூசி படிந்த காரின்மேல் கவர் போட்டால் காற்றில் அது ஆடி ஆடி உப்புத்தாளின் வேலையைச் செய்யும். தினமும் ஓடும் காருக்குக் கவர் வேண்டாம். ஊருக்குப் போய் வாரக் கணக்கில் வெயிலில் நிற்கப்போகும் கார் என்றால், கழுவி நன்றாக உலர்த்தியபின் காற்று புகும் துணிக் கவரைப் போட்டு இறுகக் கட்டுங்கள். மழைக்காலத்தில் ஈரத்தை அடைத்துவைக்கும் பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது.

கடைசியாக, பழைய அம்பாசடர், பத்மினி போன்ற கார்களை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு. அவற்றில் பலவற்றுக்கு கிளியர் கோட் கிடையாது, நிறமே மேல் அடுக்கு. வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டு மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள். காரின் நிறம் துணியில் ஏறினால் அது ஒற்றை அடுக்குப் பெயின்ட். அதற்கு செராமிக்கைவிட எண்ணெய்ச் சத்துள்ள கார்னாபா மெழுகே நன்றாகப் பொருந்தும். மங்கிய நிறம் உயிர்பெறுவது முதல் பூச்சிலேயே தெரியும். முனைகளிலும் மடிப்புகளிலும் மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள், அங்கே பெயின்ட் ஏற்கெனவே மெலிந்து பிரைமர் எட்டிப் பார்க்கும் நிலையில் இருக்கும்.