தென்னந்தோப்பில் ட்ரோன் அளவை: ஜிசிபியா, ஆர்டிகேயா, பிபிகேயா?

கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தோப்பு அளக்கப் போகிறவர்கள் எந்த ட்ரோன் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். படத்தைத் தரையோடு எதைக்கொண்டு பூட்டுவது என்பதை அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். அதற்கு மூன்று முறை: தரையில் இடம் அளந்து வைக்கும் குறிப்பலகை (ஜிசிபி), ட்ரோனின் ஜிபிஎஸ்ஸைப் பறக்கும்போதே திருத்துவது (ஆர்டிகே), பறந்து முடிந்தபின் திருத்துவது (பிபிகே). வரப்பு 30 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால் பக்கத்துத் தோட்டக்காரர் மெகாபிக்சல் கணக்கெல்லாம் கேட்கமாட்டார்.

20 ஏக்கர் தோப்பு என்று வையுங்கள். 1 அங்குல சென்சார், 20 மெகாபிக்சல், 8.8 மி.மீ. லென்ஸ், மெக்கானிக்கல் ஷட்டர். 60 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் தரையில் 1.6 செ.மீ. முன்பின் 80 சதவீதம், பக்கவாட்டில் 75 சதவீதம் படங்கள் மேல்படிய வேண்டும். ஏறக்குறைய 300 படம் வரும். மூன்று முறைக்கும் இதுவரை ஒரே வேலைதான்.

ஜிசிபி முறையில் 60 செ.மீ. கறுப்பு வெள்ளைப் பலகைகளைத் தரையில் வைத்து, ஒவ்வொன்றின் மையத்தையும் ரோவரால் (கையில் கொண்டுபோகும் துல்லிய ஜிபிஎஸ் கருவி) அளக்கிறோம். நான்கு மூலை, நடுவில் ஒன்று. வளைந்த எல்லை என்றால் எட்டு. சாதாரண ட்ரோனே போதும், அதன் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகினாலும் பலகைகள் இழுத்துப் பிடித்துவிடும். ஆனால் தோப்புக்குள் வானம் தெரியும் இடம் குறைவு. வண்டிப்பாதை ஓரமாகவே பலகைகளை வரிசையாக வைத்துவிட்டால் வரைபடத்தின் எதிர்ப்பக்கம் சாய்ந்துபோகும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஃபிளெக்ஸ் துணி பறக்கும். நான்கு மூலையிலும் ஆணி அடிக்காமல் நகராதீர்கள்.

ஆர்டிகேயில் ஒவ்வொரு படத்தின் இடமும் பறக்கும்போதே திருத்தப்படுகிறது. பலகை வேலை பாதிக்கு மேல் மிச்சம். கோர்ஸ் (நிரந்தரமாக நிறுவிய ஜிபிஎஸ்) நிலையத் திருத்தத்தை செல்போன் டேட்டாவில் வாங்கும்போது சிக்னல் விட்டால், துல்லியம் உறுதியான 'ஃபிக்ஸ்' நிலை, உறுதியில்லாத 'ஃப்ளோட்' ஆகிவிடும். ட்ரோன் நிற்காமல் பறக்கும், அந்தப் படங்கள் மட்டும் பல சென்டிமீட்டர் பிசகும். சொந்த பேஸ் (தரையில் ஒரே இடத்தில் நிற்கும் ஜிபிஎஸ் கருவி) வைப்பவர்களுக்கு இதைவிட மோசமான பொறி உண்டு: பேஸின் ஆயத்தொலைவைத் தப்பாகக் கொடுத்தால் வரைபடம் முழுசாக நகர்ந்துவிடும். வடிவம் சரி, சென்ட் கணக்கும் சரி, இடம் மட்டும் தப்பு. மென்பொருள் அறிக்கை பச்சை விளக்குக் காட்டிக்கொண்டே இருக்கும்.

பிபிகேயிலும் ட்ரோனில் ஆர்டிகேக்கு இருக்கும் அதே வகை ஜிபிஎஸ் ஆன்டெனாதான். திருத்தம் வீட்டுக்கு வந்தபின் நடக்கிறது, பறக்கும்போது சிக்னல் தேவையில்லை. பேஸ் 5 கி.மீ.க்குள் இருக்கட்டும், தூரம் கூடக்கூடப் பிழையும் கூடும், 10 கி.மீ.க்கு இன்னொரு 1 செ.மீ. என்பது தோராயக் கணக்கு. பேஸில் நொடிக்கு ஒரு பதிவு, ட்ரோன் ஏறுவதற்குக் கால் மணி முன்பே ஆரம்பித்து இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஓடட்டும். அதிகம் நடக்கும் தவறு பேஸ் ஆன்டெனாவின் உயரத்தில்தான்: சாய்வாக டேப் பிடித்து அளந்துவிட்டு செங்குத்து உயரம் என்று பதிவது.

மூன்றுக்கும் பொதுவான குழி, உயரம். பூமியை நீள்வட்டக் கோளமாகக் கருதி ஜிபிஎஸ் தரும் உயரத்துக்கும் (நீள்வட்ட உயரம்) கடல்மட்ட உயரத்துக்கும் இங்கே சுமார் 90 மீட்டர் வித்தியாசம். ரோவர் ஒன்றிலும் ட்ரோன் மற்றொன்றிலும் இருந்தால் கணக்கு குழம்பிவிடும்.

மரமில்லாத ஐந்து ஏக்கர் வயலுக்கு ஜிசிபியே போதும், செலவும் குறைவு. தோப்புக்கு எங்கள் தேர்வு பிபிகே, கூடவே ஐந்து பலகை. அதில் மூன்றைக் கணக்கில் சேர்க்காமல் சோதனைக்கு மட்டும் வையுங்கள். பேஸ் பிசகைக் காட்டிக்கொடுப்பது அவைதான். ஆர்டிகே, சிக்னல் உறுதியான திறந்த வெளிக்கு. கூலிக்குப் பறப்பதென்றால் 2021 ட்ரோன் விதிகளின்படி பதிவெண்ணும் பைலட் சான்றிதழும் வேண்டும்.

மட்டைக்கு அடியில் மறைந்திருக்கும் சர்வே கல் எந்தப் படத்திலும் விழாது. ரோவருக்கும் அங்கே ஃபிக்ஸ் கிடைப்பது சிரமம். திறந்த இடத்தில் இரண்டு புள்ளி போட்டு, அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷனால் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) கல்லின் இடத்தை எடுத்து வரைபடத்தில் ஏற்றுங்கள்.