காட்பாடி வீட்டுப் பின்கட்டில் மூன்று வருடப் பட்டாம்பூச்சித் தோட்டம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் 10-க்கு 12 அடியில் ஒரு துண்டு மண். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இடம். பட்டாம்பூச்சி வரட்டும் என்று அதில் செடி வைக்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. எது பலித்தது, எதில் காசு கரைந்தது என்று சொல்கிறேன்.

முதல் வருடம் பூவை நம்பினேன். நர்சரியில் 1,800 ரூபாய்க்கு இட்லிப்பூ, பென்டாஸ், துலுக்க சாமந்தி, கூடவே ஒரு எலுமிச்சைக் கன்று. பட்டாம்பூச்சிகள் வந்தன, தேன் குடித்தன, பந்தி முடிந்த விருந்தாளி மாதிரி போய்விட்டன. தன் புழு தின்னும் இலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெண் பூச்சி முட்டை வைக்கும். முன்னங்காலால் இலையைத் தட்டித் தட்டி ருசி பார்த்த பிறகுதான் அதற்கு நம்பிக்கையே வரும். எங்கள் வீட்டில் அப்படி இருந்தது எலுமிச்சை மட்டும். அதில் பொரித்த புழுக்களும் இரண்டாம் நாளே கருத்துச் சுருண்டுவிட்டன. கன்றுக்கு ஏற்கெனவே மருந்து அடித்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். இப்போதெல்லாம் வாங்கிய கன்றை இரண்டு மூன்று மாதம் தள்ளி வைத்து, புதுத் தளிர் நன்றாக வந்த பிறகே மற்றச் செடிகளோடு சேர்க்கிறேன். வேப்பெண்ணெய்க் கரைசலையும் நிறுத்தியாயிற்று. இயற்கை மருந்துதான், ஆனால் அதற்கு எந்தப் புழுவும் புழுதான்.

இரண்டாம் வருடம் கறிவேப்பிலை. எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்று இரண்டு வகைப் பட்டாம்பூச்சிகள் போட்டி போட்டு முட்டை வைத்தன. குட்டிப் புழு அப்படியே பறவை எச்சம் போல இருக்கும், வளர்ந்தால் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும். அம்மாதான் பாவம். “பட்டாம்பூச்சி வளக்கறேன்னுட்டு இன்னாடா புழு வளக்கற? சாம்பாருக்குப் போட ஒரு இணுக்கு இல்ல” என்று ஒரு மாதம் திட்டு. கடைசியில் இரண்டு செடியாக வைத்தோம். கொசுவலை மூடியது அம்மாவுக்கு, திறந்து கிடப்பது புழுவுக்கு.

அடுத்த சண்டை எருக்கு. வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முட்டை வைக்க அது நல்ல செடி, ஆனால் வீட்டில் எருக்கு முளைப்பது ஆகாது என்று அம்மா பிடிவாதம். வெள்ளெருக்கு பிள்ளையாருக்கு உகந்தது என்றதும் இறங்கி வந்தார். சுவரோரமாக வையுங்கள், பால் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம். முட்டையிலிருந்து சிறகு விரிய எங்கள் வீட்டில் ஏறக்குறைய மூன்று, நாலு வாரம் ஆகிறது. எல்லாம் பிழைக்காது. ஓணானும் குளவியும் பங்கு கேட்கும்.

செலவே இல்லாமல் நான் அசந்தது கிலுகிலுப்பைச் செடியில். காய்ந்த கிளையைக் கொடிக்கயிற்றில் கட்டினால் வரியன் வகைகளில் ஆண்கள் வந்து மொய்க்கின்றன. பெண்ணைக் கவரும் வாசனைக்கு வேண்டிய சரக்கை அவை அந்தச் செடியிலிருந்துதான் உறிஞ்சிக்கொள்கின்றன. வெட்டுக்காயப் பூண்டைக் களை என்று பிடுங்குவதையும் விட்டுவிட்டேன். சின்னப் பூச்சிகளுக்கு அதுதான் டீக்கடை.

தட்டில் தண்ணீர் வைத்தது தப்பு, கொசு பெருகியது. இப்போது மண்ணும் மணலும் கலந்து ஈரமாக மட்டும் வைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறேன். நம்ம ஊர் வெயிலுக்குப் பயந்து பச்சை நிழல்வலை கட்டியது அதைவிடப் பெரிய தப்பு. சிறகு வெயிலில் சூடேறினால்தான் பூச்சிக்குப் பறக்க வரும். வலைக்குக் கீழே ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. வலையை அவிழ்த்துவிட்டு, வேரடியில் காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டு, சாயங்காலம் தண்ணீர் விடுகிறேன். அப்படியும் அக்னி நட்சத்திர நாட்களில் தோட்டம் வெறிச்சோடித்தான் கிடக்கும். மழை பெய்து தளிர் விட்டதும் கூட்டம் திரும்பும்.

2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சி ஆன தமிழ் மறவன் வருமா என்று பக்கத்து வீட்டுப் பையன் அடிக்கடி கேட்கிறான். அது மலைக்காட்டுப் பூச்சி, நம் பின்கட்டுக்கு வராது என்று சொல்லிவிட்டேன்.

போன விநாயகர் சதுர்த்திக்குத் தெருவே எருக்கம்பூ கேட்டு வந்தது. பூவையெல்லாம் பறித்துப் போனார்கள், ஒரு கிளையைத் தவிர. அந்தக் கிளையில் கூட்டுப்புழு தொங்குகிறது, தொடாதீர்கள் என்று வாசலிலேயே நிறுத்திச் சொன்னது அம்மா.