புல்ஸ்ஐயா, யூனிக்கா?

அமெரிக்காவில் 25, 50 கஜத் தொலைவுகளில் நடக்கும் கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்காக .45 ஏசிபி தோட்டாவை (ஏறத்தாழ 0.45 அங்குல விட்டமுள்ள குண்டு கொண்டது) தாமே நிரப்பிக்கொள்வோர் முன் இரண்டு பழைய புகையிலா வெடிமருந்துகள் இருக்கின்றன: 1898இல் வந்த புல்ஸ்ஐ, 1900இல் வந்த யூனிக்.

புல்ஸ்ஐ மிக விரைவாக எரிவதால், 200 கிரெயின் (சுமார் 13 கிராம்) ஈயக் குண்டை மென்மையான உதைப்போடு செலுத்த மிகச் சிறிதளவே போதும். துகள்கள் நுண்ணியவை என்பதால், மருந்தை அளந்து கொட்டும் அளவைக் கருவியிலிருந்து ஏறக்குறைய ஒரே எடையில் விழும். ஆனால் அந்தச் சிக்கனத்திலேயே ஆபத்தும் இருக்கிறது: தோட்டாவின் உலோகக் கூட்டின் அடியில் மட்டும் மருந்து கிடப்பதால், தவறுதலாக இருமுறை கொட்டினாலும் வழியாது, துப்பாக்கியே வெடித்துவிடலாம். ஆகவே குண்டைப் பொருத்துமுன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியில் எட்டிப் பார்ப்பதை நான் கட்டாயம் என்பேன்.

யூனிக் கூட்டில் அதிக இடம் பிடிப்பதால் அத்தவறு எளிதில் கண்ணில் படும். எனினும் அதன் பெரிய செதில்கள் அளவைக் கருவியில் சிக்கி எடை மாறுவதுண்டு; குறைந்த மருந்திட்ட மென்மையான தோட்டாவில் எரியாத துகள்களும் மிஞ்சும். முழு வேகத் தோட்டாவுக்கே அது பொருத்தம்.

குறி மட்டுமே நோக்கமென்றால் என் தேர்வு புல்ஸ்ஐதான். எதுவானாலும், தயாரிப்பாளரின் கையேடு தரும் தொடக்க அளவிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.