மீன்பேணிக் கமரா: பென்சினி கொமெட் எஸ், ஆறு ரோல் எடுத்த பிறகு

பொதியைப் பிரித்ததும் அம்மா கேட்டது, "இதென்ன தம்பி, மீன்பேணியே?" என்றுதான். வார்ப்பு அலுமினிய உடம்பு, உள்ளங்கையில் அடங்கும் அளவு. வீட்டில் இன்றைக்கும் அதற்கு அதுதான் பெயர். 1950களில் மிலானில் பென்சினி நிறுவனம் செய்த கொமெட் எஸ் இது.

இத்தாலியக் கமரா சேர்க்கிறவர்கள் முதலில் சொல்வது ரோமில் செய்த ரெக்டாஃப்ளெக்ஸ். அல்லது மோட்டார் சைக்கிளுக்குப் பேர்போன டுக்காட்டி செய்த சோன்யோ. இரண்டும் என் சம்பளத்துக்குக் கண்காட்சிப் பொருட்கள். பென்சினி அப்படியில்லை, சாதாரணக் குடும்பங்களுக்கென்று செய்த மலிவுக் கமரா. தபால் செலவோடு வெள்ளவத்தைக்கு வந்து சேர 21,000 ரூபா ஆனது.

"லென்ஸ் சுத்தம்" என்று விற்றவர் எழுதியிருந்தார். உள்ளே பார்த்தால் சிலந்தி வலை போலப் பூஞ்சணம். கழற்றித் துடைத்ததில் பாதி போனது, மீதி போகவில்லை. கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற வீட்டில் அது திரும்ப வளராமல் இருக்க, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

உண்மையான தலையிடி பிலிம்தான். இதற்கு வேண்டியது 127. கொடக் 1912இல் கொண்டுவந்து 1995இல் நிறுத்திவிட்ட அளவு. கொழும்பில் தேடிப் பயனில்லை. ஆகவே அதைவிட அகலமான 120 அளவு ரோலை 46 மில்லிமீற்றர் அகலத்துக்கு நறுக்க வேண்டும், அதுவும் கும்மிருட்டில். கொட்டாஞ்சேனையில் ஒரு தச்சரைப் பிடித்து, சவர பிளேட் பூட்டிய மரப்பெட்டி ஒன்று செய்வித்தேன். முதல் ரோலைக் குளியலறைக்குள் இருந்து நறுக்கினேன். கோணலாகப் போய்விட்டது. கமராவுக்குள் இறுகி, மூன்றாவது படத்தோடு சுற்ற மறுத்தது. இரண்டாவது ரோலிலிருந்து பிரச்சினை இல்லை. ஒழுங்காகச் சுற்றினால் 3 × 4 சென்ரிமீற்றரில் 16 படம்.

ஷட்டருக்குக் குறித்த வேகம் ஒன்றே ஒன்று, 1/50 விநாடி. லென்சுக்குள் வெளிச்சம் போகும் துவாரமும் ஒன்றே, எஃப் 11. கணக்குப் பார்த்தால் இது ஐஎஸ்ஓ 25 என்கிற, ஒளியுணர்வு குறைந்த பிலிமுக்குத்தான் உச்சி வெயிலில் சரிவரும். 100 போட்டால் வெளிச்சம் இரண்டு ஸ்டொப் கூட, 400 போட்டால் நான்கு; ஒரு ஸ்டொப் என்றால் இரண்டு மடங்கு. நான் முதலில் 400ஐப் போட்டுக்கொண்டு மத்தியானம் காலிமுகத்திடலுக்குப் போனேன். நெகட்டிவ் தார் போல வந்தது. இப்போது 100 மட்டும்தான், அதுவும் மூடிக்கிடக்கிற நாட்களில். தென்மேல் பருவக்காற்று வீசி, மழை வரும்போலக் கறுத்து, ஆனால் இன்னும் வராமல் இருக்கிற அந்த ஒரு மணித்தியாலம் இருக்கிறதே, அதற்கென்றே செய்த கமரா மாதிரி இருக்கிறது.

அப்படியொரு பொழுதில் இறால் வடை வண்டிக்காரரை எடுத்த படம் என்னிடம் உள்ள படங்களிலேயே சிறந்தது. நடுவில் அவருடைய கையும் கண்ணாடிப் பெட்டியும் தெளிவு, ஓரமெல்லாம் கரைந்து போகிறது. மிச்சமிருக்கிற பூஞ்சணத்தின் புண்ணியத்தில் வானத்தில் ஒரு பால்நிறம். இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிலிமைச் சுற்ற மறந்தாலும் ஷட்டர் தடுக்காது, ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் விழுந்துவிடும். அப்படித்தான் என் படமொன்றில் புறக்கோட்டைச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் கோடுகளுக்கு மேல் அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறார். கண் வைத்துப் பார்க்கிற துவாரமோ சாவித் துவாரம் அளவுதான். கண்ணாடி போட்டவர்கள் குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டும்.

பிலிம் கழுவுவது வீட்டில்தான். படத்தைத் தெரியவைக்கிற டெவலப்பர் திரவம் 20 பாகை கேட்கிறது, எங்கள் குழாய்த் தண்ணீர் 28க்குக் குறைவதில்லை. ஐஸ்கட்டியைப் பையில் போட்டு மிதக்கவிடுகிறேன்.

வாங்கலாமா? பிலிம் நறுக்குகிற வேலையே விருப்பமாக இருந்தால் வாங்குங்கள். அந்தப் பொறுமை இல்லாமல் இத்தாலியப் பெட்டிதான் வேண்டும் என்றால், 1959இல் வந்த ஃபெரானியா யூராவைப் பாருங்கள். பிளாஸ்டிக்தான், ஆனால் 120 ரோல் அப்படியே உள்ளே போகும். எதை வாங்கினாலும், காசு கொடுக்கும் முன் லென்சுக்குப் பின்னால் டோர்ச் அடித்து எடுத்த படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்.