ஏ-லைனா, மெர்மெய்டா? பூசினாற்போன்ற உடல்வாகுக்கு எந்தத் திருமண கவுன் எடுப்பு?

பூசினாற்போன்ற உடல்வாகு உள்ள ஒரு பெண் திருமண கவுன் பார்க்கப் போனால், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே யாராவது, இடைக்குக் கீழே விரியும் ஒரு ஏ-லைன் கவுனை எடுத்து நீட்டிவிடுவார்கள். "இதுதான் உங்களுக்கு நன்றாக இருக்கும்" என்ற உறுதிமொழியும் கூடவே வரும். ஏ-லைன் நல்ல கவுன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இடுப்பையும் தொடையையும் மூடி மறைத்துவிட்டால் போதும் என்கிற நினைப்போடு அதைக் கொடுக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு கவுன் எடுப்பாக அமைவதில் வெளிவடிவத்தின் பங்கு பாதிதான். துணியின் கனமும், உள்ளே என்ன வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்பதும் மீதிப் பாதியை முடிவு செய்கின்றன. இதையெல்லாம் சேர்த்து வைத்து ஒப்பிட்டால், "உங்களுக்கு வேண்டாம்" என்று ஒதுக்கப்படும், முழங்கால் வரை உடலோடு ஒட்டிய மெர்மெய்ட் பல பேருக்கு ஏ-லைனைவிடப் பொருத்தமாக இருக்கும்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயம். வளைவான உடல்வாகு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்கு மார்பும் இடுப்பும் கிட்டத்தட்ட ஒரே அகலம், நடுவில் இடை நன்றாக ஒடுங்கியிருக்கும். சிலருக்கு மேல் பாகம் சிறியது, இடுப்பும் தொடையும் அகலம். இன்னும் சிலருக்கு மார்பும் வயிறும் நிறைந்திருக்கும், கால்கள் மெலிந்திருக்கும். இந்த மூன்று பேருக்கும் ஒரே கவுனைப் பரிந்துரைப்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஏ-லைனும் மெர்மெய்டும்

ஏ-லைன் என்ற பெயரைப் பரப்பியவர் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர், 1955-இல் வெளியிட்ட தொகுப்பின் மூலம். இன்று திருமண கவுன்களில் அந்தப் பெயருக்கு அர்த்தம் எளிது: இடை வரை உடலோடு ஒட்டி, அங்கிருந்து சீராக விரிந்து தரைக்குப் போகும் வெட்டு. பாவாடைப் பகுதி இடுப்பைத் தொடாமல் இறங்குவதால், கச்சிதமாக உட்கார வேண்டிய இடங்கள் இரண்டுதான், மார்பும் இடையும். இதுதான் அதன் பெரிய பலம். நாளைக்கு இடுப்பில் கொஞ்சம் எடை ஏறினாலும் இறங்கினாலும் வெளியே தெரியாது. ஆல்டர் வேலையும் குறைவு. நடக்கலாம், ஆடலாம், உட்காரலாம், படி ஏறலாம்.

எல்லா ஏ-லைனும் ஒன்று இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இடையில் துணியைச் சுருக்கிப் பிடித்துத் தைத்த ஏ-லைன், அந்தச் சுருக்கத்தாலேயே இடுப்பை இன்னும் அகலமாகக் காட்டும். பேனல் பேனலாக, அதாவது நெடுக்குத் துண்டுகளாக வெட்டி இணைத்தது அப்படிச் செய்யாது. அதிலும் பிரின்சஸ் கட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தோளிலிருந்தோ கைக்குழியிலிருந்தோ புறப்படும் தையல் மார்பின் மேலாக இறங்கி, இடையில் உள்வாங்கி, கீழ்விளிம்பு வரை ஒரே கோடாகப் போகும். இடையில் குறுக்குத் தையலே கிடையாது. நிறைந்த மார்புக்கு, துணியைக் கூம்பாக மடித்துத் தைக்கும் டார்ட் மட்டும் பிடித்த கவுனைவிட இது நன்றாக உட்காரும்.

மெர்மெய்ட் இதற்கு நேர் எதிர். மார்பிலிருந்து முழங்கால் வரை உடலோடு ஒட்டி வந்து, அதன் பிறகு விரியும். மார்பு, இடை, வயிறு, இடுப்பு, தொடை என்று ஐந்து இடத்திலும் அளவு சரியாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் கண்ணில் படும். அதனால்தான் கடைகளில் இதைக் காட்டத் தயங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். தையல் வேலை கூடுதல், குறை சொல்ல வாய்ப்பும் கூடுதல். ஆனால் மார்பும் இடுப்பும் சம அகலமாக, இடை ஒடுங்கியிருக்கும் பெண்ணின் வளைவை இதைப்போல் எடுத்துக்காட்டும் வெட்டு வேறு இல்லை. கீழே விரியும் துணி இடுப்பின் அகலத்துக்கு ஈடுகொடுத்து நிற்கும்.

மெர்மெய்டில் எல்லாமே விரிவு எங்கே தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. முழங்காலில் தொடங்கினால் தொடை நிறைந்தவருக்கு நடையே சிக்கிக்கொள்ளும். நடுத்தொடையில் தொடங்கும் வகையை ட்ரம்பெட் என்பார்கள். ஒட்டிய பகுதி குறைவு, நடை சுலபம், வளைவு மட்டும் அப்படியே தெரியும். ஏ-லைனுக்கும் மெர்மெய்டுக்கும் நடுவே தவிப்பவர்கள் ட்ரம்பெட்டை ஒரு முறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். கடையில் தாமாக எடுத்துக் காட்டாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ட்ரையல் அறையில் கண்ணாடி முன் நின்று மட்டும் பார்த்தால் மெர்மெய்டைப் பற்றி எதுவும் தெரியாது. நாற்காலியில் உட்காருங்கள். உட்காரும்போது இடுப்பின் சுற்றளவு சில சென்டிமீட்டர் கூடும். நின்று எடுத்த அளவில் இழுத்துப் பிடித்துத் தைத்த கவுன் அந்த நேரத்தில் மேலே ஏறி வயிற்றில் மடியும். அப்புறம் எழுந்து நின்று துணியைக் கையால் நீவாமல் அப்படியே பாருங்கள். இடுப்பில் குறுக்காகக் கோடுகள் விழுந்திருந்தால் அந்த இடத்தில் துணி போதவில்லை. மார்பு முனையை நோக்கிச் சாய்வாகக் கோடுகள் ஓடினால் மார்புக்குத் துணி பற்றவில்லை. முதுகில் இடைக்கு மேல் துணி குறுக்கே மடிந்து தொங்கினால் ஒன்று முதுகுப் பகுதி உங்களுக்கு நீளம், அல்லது இடுப்பில் இறுகி மேலே ஏறியிருக்கிறது. இந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு உங்கள் உடம்பைக் குறை சொல்லாதீர்கள். அவை தையல்காரருக்கான குறிப்புகள்.

என் தீர்ப்பு இதுதான். இடை ஒடுங்கிய சமவாகு உள்ளவருக்கு ட்ரம்பெட் அல்லது மெர்மெய்ட். இடுப்பும் தொடையும் மட்டும் அகன்றவருக்கு பேனல் வைத்த ஏ-லைன், அதுவும் நாள் முழுக்க நின்று ஆடப்போகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். வயிறு நிறைந்தவருக்கு இடைத் தையல் சற்று மேலே அமைந்த ஏ-லைன்.

மற்ற மூன்று

மார்புக்குக் கீழேயே தையல் வைத்து நேராக இறங்கும் எம்பயர், 1800-களின் தொடக்கத்தில், நெப்போலியன் காலத்து பிரான்சில் கொடிகட்டிப் பறந்த வெட்டு. வயிறு தெரியாது என்று சொல்லி இதை எல்லோர் தலையிலும் கட்டுகிறார்கள். மார்பு சிறியவருக்குச் சரி. நிறைந்த மார்பு உள்ளவருக்கு, துணி மார்பின் உச்சியிலிருந்து திரைச்சீலைபோல் நேராகத் தொங்கி, இருக்கும் இடையையும் மறைத்துவிடும். மூன்றில் நான் கடைசியாகப் பரிந்துரைப்பது இதுதான்.

பால் கவுன் இடையைச் சின்னதாகக் காட்டும், மறுக்க முடியாது. உயரம் குறைந்தவர்கள் அதன் விரிவில் காணாமல் போய்விடுவார்கள், அடுக்கடுக்கான டூல் எனப்படும் வலைத்துணியின் கனமும் புழுக்கமும் தனி. இடைத் தையல் முன்பக்கம் வி வடிவில் கீழே இறங்கும் பால் கவுன் உடலை நீளமாகக் காட்டும். எடுப்பதென்றால் அதை எடுங்கள்.

நேராக இறங்கும் ஷீத் கவுனைப் பலர் பார்க்கக்கூட மாட்டார்கள். துணியைக் குறுக்குச் சாய்வில், அதாவது 45 பாகையில் வெட்டித் தைக்கும் முறையை 1920-களில் புகழ்பெற வைத்தவர் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் மேடலின் வியோனே. சாய்வில் வெட்டிய துணி இழுபடும், உடலின் மேடுபள்ளத்தோடு தானாக வளைந்துகொள்ளும். கனமான கிரேப் துணியில் இது வளைவான உடலில் அவ்வளவு அழகாக ஓடும். மெல்லிய துணியில் மட்டும் வேண்டாம்.

துணி

ஒரே வெட்டு, ஒரே அளவு, துணியை மட்டும் மாற்றினால் கவுனே வேறாகிவிடும். மெல்லிய பளபள சாட்டின் ஒளியைத் திருப்பி அடிப்பதால் ஒவ்வொரு மடிப்பும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் துலக்கமாகத் தெரியும். கனமான டச்சஸ் சாட்டினும் மிகாடோ என்ற கெட்டியான துணியும் அப்படி இல்லை. அவை தன் வடிவத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், உடலின் சிறிய ஏற்ற இறக்கங்களை வெளியே விடாது. மெர்மெய்டுக்கும் ஏ-லைனுக்கும் என் முதல் தேர்வு இவைதான். பளபளப்பே இல்லாத தடித்த கிரேப் அடுத்தது. மெல்லிய கிரேப் என்றால் உள்ளாடையின் விளிம்பு வரை காட்டிக்கொடுக்கும். ஷிஃபான் தனியாக நிற்காது, கெட்டியான லைனிங் மேல் விழுந்தால் நன்றாக இருக்கும். வயிற்றுப் பகுதியில் சாய்வாகச் சுருக்கங்கள் வைத்துத் தைத்திருந்தால் நல்லது. உட்காரும்போது விழும் மடிப்பு அந்தச் சுருக்கங்களோடு கலந்துவிடும்.

தோளில் பட்டை வேண்டுமா, வேண்டாமா

நிறைந்த மார்பு உள்ளவர்கள் பட்டையில்லாத கவுன் போடவே கூடாது என்பதை நான் ஏற்க மாட்டேன். நன்றாகக் கட்டமைத்த கவுனின் எடையைத் தாங்குவது இடைதான். உள்ளே போன் எனப்படும் கம்பிகள் நின்று, இடையைச் சுற்றி ஒரு கெட்டியான உள்பட்டை கொக்கியோடு இருக்கும். சோதித்துப் பார்ப்பது சுலபம். உள்பட்டையின் கொக்கியை மட்டும் மாட்டி, ஜிப்பைத் திறந்தே விடுங்கள். கவுன் கீழே சரியாமல் நின்றால் கட்டமைப்பு சரி. பிறகு ஜிப்பைப் போட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி இறக்குங்கள். மேல்விளிம்பு இறங்கிப்போய், அதை நீங்கள் கையால் இழுத்துவிட வேண்டியிருந்தால் அந்த கவுன் வேண்டாம். அல்லது பட்டை வைத்துத் தரச் சொல்லுங்கள், அகலமான பட்டையாக. நூல் போன்ற பட்டை தோளில் பதிந்து வலிக்கும். தைத்தே வரும் கப்கள் பெரும்பாலும் பெரிய மார்புக்குப் போதாது, மாற்றித் தரச் சொல்லத் தயங்காதீர்கள்.

கழுத்து வரை மூடிய கவுன் மார்பை ஒரே பரப்பாகக் காட்டும். வி கழுத்து அதைப் பிரித்துக் கழுத்தை நீளமாக்கும். கை வைப்பதானால், கையின் மிக அகலமான இடத்தில் முடியும் குட்டைக் கையைத் தவிர்த்து, முக்கால் கைக்குப் போங்கள். தோளுக்குக் கீழே இறங்கிய பட்டை படத்தில் அழகு, ஆனால் கையைத் தூக்கி யாரையும் அணைக்க முடியாது.

கயிறா, ஜிப்பா

முதுகில் கயிறு கோத்து இழுத்துக் கட்டும் கவுனில் சில சென்டிமீட்டர் கூட்டிக் குறைக்கலாம். கவுன் வந்து சேர்வதற்குள் எடை மாறினாலும் சமாளிக்கலாம். ஜிப் வழுவழுப்பாக இருக்கும், ஆனால் விட்டுக்கொடுக்காது. ஏ-லைனுக்கு எதுவானாலும் சரி. உடலோடு ஒட்டும் கவுனுக்கு நான் கயிற்றைத்தான் சொல்வேன். கட்டிய பிறகு இரண்டு விளிம்புகளும் மேலிருந்து கீழ் வரை ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மேலேயோ கீழேயோ மட்டும் விரிந்தால் அந்த இடத்தில் அளவு போதவில்லை.

அளவு எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். திருமண கவுன்களின் எண்கள் வழக்கமான உடையைவிட ஒன்றிரண்டு கூடுதலாகவே வரும். மார்பு, இடை, இடுப்பு மூன்றில் எது அளவு அட்டவணையில் பெரிய எண்ணில் விழுகிறதோ அந்த எண்ணில் வாங்கி, மற்ற இடங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிப்பது சுலபம், பிரித்து விடுவதற்கு உள்ளே துணி இருக்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே தையல் ஓரத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். மெர்மெய்ட் என்றால் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வராமல் முன்பணம் கட்டாதீர்கள். அன்று போடப்போகும் உள்ளாடையும் செருப்பும் இல்லாமல் எந்த ஃபிட்டிங்குக்கும் போகாதீர்கள். இரண்டும் மாறினால் இடையின் இடமும் கீழ்விளிம்பின் உயரமும் சேர்ந்தே மாறிவிடும்.