காகிதமும் அட்டையும்: ஒரே தொட்டியா, தனிப் பெட்டியா?

வீட்டில் சேரும் காகிதம், அட்டையை மறுசுழற்சிக்கு ஒதுக்க இரண்டு வழி. பாட்டில், டின், பிளாஸ்டிக்கோடு ஒரே தொட்டியில் போடலாம். அல்லது காகித வகைக்கென்று தனிப் பெட்டி வைக்கலாம். நான் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறியவன், அதனால் என் ஓட்டு எந்தப் பக்கம் என்பதில் ரகசியம் இல்லை.

ஒரே தொட்டியின் வசதி தெரிந்ததுதான். இடம் மிச்சம், வீட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம்.

பிரச்சினை ஈரம். எவ்வளவு கழுவிக் கவிழ்த்தாலும் பாட்டிலின் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்; அது இறங்குவது காகிதத்தில்தான். ஆலையில் எப்படியும் தண்ணீரில் ஊறவைத்துத்தானே கூழாக்குகிறார்கள், இங்கேயே நனைந்தால் என்ன என்று கேட்கலாம். மூடிய தொட்டியில் நாட்கணக்கில் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், நார் வலுவிழக்கும். நனைந்த தாள் மற்றவற்றோடு ஒட்டிக்கொண்டு, தரம் பிரிக்கும் இயந்திரத்தில் தப்பான பக்கம் போய்விடும். கூடவே ஒரு பாட்டில் உடைந்தால் கண்ணாடித் துணுக்குகள் தாளுக்குள் பொதிந்துகொள்ளும். எண்ணெய் இன்னும் மோசம்: கூழாக்கும் தண்ணீரில் கரையாமல் நாரோடு ஒட்டியே இருந்து, புதுத் தாளில் கறையாகத் தெரியும். காகித நார் பொதுவாக 5 முதல் 7 சுற்று வரைதான் தாங்கும், ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிக்கொண்டே போகும். அதில் ஒரு சுற்றை வீட்டுத் தொட்டியிலேயே தொலைப்பானேன்?

தனிப் பெட்டிக்கு இடம் வேண்டும், மறுக்கவில்லை. டேப்பைக் கத்தியால் கீறி அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக்கி, ஒரு பெரிய பெட்டிக்குள் செங்குத்தாக நிறுத்தினால் அடைசல் பாதி குறையும். ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டாம், அதை ஆலையின் சல்லடையும் காந்தமும் பார்த்துக்கொள்ளும். வெள்ளைத் தாளையும் பழுப்பு அட்டையையும் இன்னொரு முறை பிரிப்பது நல்லதுதான், பழுப்பு நார் கலந்தால் வெள்ளைத் தாளில் புள்ளி விழும். ஆனால் அதில் நான் அவ்வளவு கறார் இல்லை.

எது உள்ளே, எது வெளியே? மினுமினுக்கும் பரிசுத் தாளைக் கசக்கி விடுங்கள். தானாக விரிந்துகொண்டால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது, வெளியே. ரசீதை நகத்தால் அழுத்திக் கீறினால் கறுப்புக் கோடு விழுகிறதா? அது ரசாயனப் பூச்சுள்ள வெப்பத்தாள், அதுவும் வெளியே. டிஷ்யூவில் நார் ஏற்கெனவே குட்டை, வேண்டாம். பால், பழச்சாறு அட்டைகளில் பிளாஸ்டிக் படலமும் சிலவற்றில் அலுமினியமும் இருப்பதால், எடுப்பவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எங்கள் வீட்டில் ஆள் குறைவு. பெரிய குடும்பத்திலும் இது சரிவரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அப்புறம், வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள் என்றால் பலனில் பாதி போய்விடும். அப்போதும் காகிதத்தைத் தனியே உலர்வாக வைத்திருந்து, வண்டி வரும் அன்று மட்டும் தொட்டியில் சேர்க்கலாம்.