ஏழு வருஷம் ஊதிய பிறகு: பட்டன் வைத்த மவுத் ஆர்கன்

“குரோமேட்டிக் ஒண்ணு வாங்கலாமா மாப்ள?” என்று மன்னார்குடி நண்பன் நேற்று போனில் கேட்டான். பட்டன் வைத்த மவுத் ஆர்கனுக்குத்தான் குரோமேட்டிக் என்று பெயர். கேட்ட நேரம் சரியில்லை. ரிப்பேருக்குப் போன என் 12 துளை வாத்தியம் 40 நாள் கழித்து அப்போதுதான் கூரியரில் வந்திருந்தது. எடுத்து ஊதினேன். ஆறாம் துளையில் மூச்சை உள்ளே இழுத்தால் வரும் ‘எஃப்’ ஸ்வரம் மட்டும் முதலில் ஊமையாக நின்று, அப்புறம் ‘ட்ர்ர்’ என்று அதிர்ந்தது. அதைச் சரிபண்ணத்தான் அனுப்பியதே.

உள்ளே மொத்தம் 48 ரீட், அதாவது மூச்சில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்குகள். காற்று வீணாகாமல் இருக்க, பெரும்பாலான ரீட்களுக்கு, அவை பொருத்திய தகட்டின் மறுபக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஒரு முனையில் மட்டும் ஒட்டியிருப்பார்கள். குளிர்ந்த உலோகத் தகட்டில் நம் மூச்சின் ஈரம் படிந்தால் பட்டை ஒட்டிக்கொள்ளும். மயிலாடுதுறை பக்கத்து எங்கள் குத்தாலத்தில் மார்கழி விடியற்காலையில் வேறென்ன நடக்கும்? பத்து நிமிஷம் மடியில் கட்டிச் சூடாக்காமல் நான் ஒரு நாளும் வாசித்ததில்லை. ஐப்பசி மழையில் உள்ளே இருக்கும் மரக்கட்டை ஊறி உப்பிக்கொள்ளும். காபி குடித்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் ஊதினால் பட்டன் பிசுபிசுவென்று பாதியில் நின்றுவிடும்.

எதிர்வீட்டு நாதஸ்வர வித்வானுக்கு இது புரியவே இல்லை. “சீவாளிய நனைக்காம எனக்கு நாதமே பேசாது தம்பி. உனக்கு நனைஞ்சா பேசாதா?” என்றார். அவருடைய சீவாளி பக்கத்துத் திருவாவடுதுறையில் செய்தது, ஆற்றங்கரைக் கொறுக்கைத் தட்டையில். இந்த ஊர் ஈரத்துக்கே பிறந்தது அது.

சரி, பிறகு ஏன் ஏழு வருஷம்? அதே ‘எஃப்’தான் காரணம். அது மக்கர் பண்ண ஆரம்பித்த மாதங்களில் வேறு வழி தேடினேன். அதே ஆறாம் துளையில் பட்டனை அழுத்தி ஊதினால், ‘ஈ’ அரை ஸ்வரம் ஏறி ‘எஃப்’ ஆகிவிடுகிறது. ‘சி’க்கும் இப்படித்தான்: நாலாம் துளையில் ஊதலாம், ஐந்தாம் துளையில் ஊதலாம், நாலாம் துளையிலேயே பட்டனை அழுத்தி உள்ளே இழுக்கலாம். ஒரே ஸ்வரம், ஆனால் மூச்சு போகும் திசை வேறு. ஜாஸில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறிக்கொண்டே இருக்கும்போது, ஒரு நீண்ட சங்கதியை எங்கே இழுத்து எங்கே விடுவது என்று தீர்மானிப்பதுதான் வாசிப்பே. சாக்ஸபோன்காரர் பெரும்பாலும் மூச்சு வாங்க நிறுத்த வேண்டும். இங்கே மூச்சு வாங்குவதும் பாட்டுதான்.

குரோமேட்டிக்கில் ஜாஸ் வாசித்த பெல்ஜியத்துக்காரர் டூட்ஸ் தீல்மன்ஸின் (1922–2016) வாசிப்பைக் கேளுங்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத அந்தக் குரல், உள்ளும் வெளியுமாகப் போகும் அந்த மூச்சிலிருந்துதான் வருகிறது என்று நான் நினைக்கிறேன். பட்டன் இல்லாத 10 துளை மவுத் ஆர்கனிலேயே 12 ஸ்வரத்தையும் எடுத்துக் காட்டியவர் ஹோவர்ட் லீவி. துளையில் இல்லாத ஸ்வரத்தை ஊதியே வரவழைக்கும் அந்த ஓவர்புளோ வித்தை எனக்கு இன்னும் வசப்படவில்லை. கமகம் கேட்காதீர்கள். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் ஊறிய காதுக்கு, இதில் ஸ்வரம் வளைவது போதவே போதாது.

ராத்திரி நானே தகட்டைக் கழற்றினேன். பட்டையின் ஒரு முனையில் மட்டும் இருக்க வேண்டிய பசை, பாதி நீளத்துக்கு ஓடிக் காய்ந்திருந்தது. புதுப் பட்டை போட்டோம் என்று காசு வாங்கிய கை செய்த வேலை இது! பிளேடு முனையால் நெம்பி, நனைத்த காகிதத் துண்டைச் செருகி இழுத்தேன். பழுப்பாக ஒரு கோடு காகிதத்தோடு வந்தது. மாட்டி ஊதினேன். ‘எஃப்’ தெளிவாக நின்றது. அரை மணி நேரம் அந்த ஒரு ஸ்வரத்தை விட்டு நகர மனமில்லை.

நண்பனுக்குக் காலையில் பதில் சொன்னேன்: வாங்காதே. ரிப்பேருக்கு நம் பக்கம் ஆள் இல்லை, நம் மழைக்கும் பனிக்கும் இது தாங்காது. ஆசை விடவில்லை என்றால் சித்திரையில் வாடா, என்னுடையதை ஊதிப் பார். காபி அப்புறம் தருகிறேன்.